ஆயத்தக்காரர் பட்டியல்

மாமனார் தேவசகாயத்தின் மேஜைக்கு முன்னால் செங்கம்மாளை நிற்கவைத்துவிட்டு நாம் பாட்டுக்கு ஒரு வாரம் போய்விட்டோம். அவள் அதே இடத்தில்தான் நிற்கிறாள். கையில் அதே அச்சடித்த தாள். முகத்தில் அதே கோபம். ஒரு வாரத்தில் ஆறுகிற கோபம் இல்லை அது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. மகாபலிபுரத்திலிருந்து மூன்று மைல் வடக்கே, கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில், சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கிறது பனங்குப்பம். அங்கே ஐந்து வகுப்புகளை இரண்டரை அறையில் அடைத்து நடக்கிறது மிஷன் ஆரம்பப் பள்ளி. தலைமை ஆசிரியர் தேவசகாயம். நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு அவர் மருமகள் செங்கம்மாள். காலையில் முதல் பீரியட் வேதபாடம், அதுவும் அவள்தான். அவள் புருஷன் மோசஸ் செங்கல்பட்டில் மிஷன் ஆபீஸ் குமாஸ்தா. வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்து ஞாயிறுவரை இருப்பான்.

வேதபாடத்துக்கு வருஷா வருஷம் ஒரு பரீட்சை உண்டு. வட்டாரத்திலுள்ள பதினோரு பள்ளிகளுக்கும் ஒரே கேள்வித்தாள். இந்த வருஷம் பதினோரு பள்ளிக்கும் முதலாக வந்தவள் பனங்குப்பம் ஐந்தாம் வகுப்புச் சைதூன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. கால்வாய்த் துறையில் விறகு மண்டி வைத்திருக்கும் நூர்முகமதுவின் ஒரே பெண்.

இன்று சனிக்கிழமை, மத்தியானம் பரிசளிப்பு. நேற்று ராத்திரி மோசஸ் கொண்டுவந்து போட்ட சபைச் செய்தித்தாள் கட்டைக் காலையில் பிரித்தாள் செங்கம்மாள். கடைசிப் பக்கத்தில் 'ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாயிருப்போர்' என்று ஒரு தலைப்பு. கீழே ஐந்து பெயர்கள். மூன்றாவது பெயர், 'நூ. சைதூன், பனங்குப்பம்.'

"இது இன்னா மாமா?"

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் கைவசம் இல்லாதபோது அவர் செய்கிற காரியம் அது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும்.

"ஆயத்தக்காரர் பட்டியல்" என்றார்.

"அது தெரியுது. அந்தப் பொண்ணு பேரு இதுல எப்படி வந்துச்சு?"

"ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் வேதபாடத்துல முதல்ல வர்ற பிள்ள ஞானஸ்நானம் ஆவாததா இருந்தா, அந்தப் பேரு இதுல போவும். என் வாத்தியார் காலத்துலருந்தே அப்படித்தாம்மா. புதுசா யாரும் பண்ணல."

அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் இதுநாள்வரை அப்படி முதலில் வந்த பிள்ளைகள் எல்லாம் பாதி சபைக்குள் வந்துவிட்ட குடும்பத்துப் பிள்ளைகள். அப்பன் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பான். பெயர் பட்டியலில் வந்தால் அவனுக்கும் உறுத்தவில்லை, ஊருக்கும் உறுத்தவில்லை. மார்க்கு வாங்கினவனெல்லாம் மனம் திரும்பினவன் என்று ஆபீஸும் முடிவு கட்டிவிட்டது. கணக்கில் முதலாவதாக வந்தவனைப் பிடித்து 'இவன் மளிகைக்கடைக்கு ஆயத்தம்' என்று யாராவது அச்சடிப்பார்களா? வேதபாடத்துக்கு மட்டும் இப்படி ஒரு விசித்திரம்.

"மாமா, ரெண்டு வருஷத்துக்கு முன்னால நூர்முகமது பாய் இதே ரூம்புல உக்காந்துகினு இன்னா கேட்டாரு? உங்களுக்கு மறந்துபோச்சா?"

அவருக்கு மறக்கவில்லை. புதுச் சட்டம் வந்தபிறகு பெற்றோர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால்தான் ஒரு பிள்ளையை வேதபாடத்தில் உட்காரவைக்கலாம். நூர்முகமது சம்மதக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேராகக் கேட்டார்: "என் பொண்ண உங்க பக்கம் இழுத்துக்க மாட்டீங்களே?" தேவசகாயம் கண்ணாடியைத் துடைத்தார். செங்கம்மாள்தான் பதில் சொன்னாள்: "பாடம் பாடமாத்தான் இருக்கும் பாய். அதுக்கு நான் ஜவாப்பு." அந்த ஒரு சொல்லை நம்பி அவர் கையெழுத்துப் போட்டார்.

"எங்க நபிமாருங்க கதயெல்லாம்கூட அதுல வருதாமே, கேக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

சைதூன் கேட்டாள். வீட்டில் யூசுப் நபி கதையை அத்தா வாயால் கேட்டவள், பள்ளிக்கூடத்தில் அதையே யோசேப்பின் கதையாக டீச்சர் வாயால் கேட்டாள். அண்ணன்மார் தம்பியைக் கிணற்றில் தள்ளிய கதையைப் பரீட்சையில் மூன்று பக்கம் எழுதினாள். இரண்டு வீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளை கொழுகொழு என்று இருக்காதா?

"அவரு இந்தத் தாளப் பாத்தா அன்னிக்கே பொண்ண நிறுத்திடுவாரு" என்றாள் செங்கம்மாள். "வர்ற ஜூன்ல செங்கல்பட்டு ஹைஸ்கூலுக்கு அனுப்பறேன்னு இப்பத்தான் வழிக்கு வந்துகீறாரு. இந்தக் கரையில அஞ்சாவது தாண்டின பொண்ணு ஒருத்திகூட இல்ல மாமா. இவதான் மொத ஆளு. பேர அடிங்க."

"அச்சாயிடுச்சேம்மா."

"அப்ப இன்னிக்கு மேடையில அந்தப் பேரப் படிக்காதீங்க. தப்புன்னு சொல்லுங்க."

"சொல்லிட்டு?" தேவசகாயத்தின் குரல் தணிந்தது. "ஆயத்தக்காரர் ஒருத்தரும் இல்லாத பள்ளிக்கூடத்தக் கரையோரத்துல எதுக்கு வெச்சிகினு இருக்கணும்னு போன வருஷமே மேல கேட்டாங்க. இந்த வருஷம் நம்ம ஊருக்கு இந்த ஒரு பேருதான். அதையும் அடிச்சா பள்ளிக்கூடத்த மூடுவாங்க. எம்பது பிள்ளைங்க எங்க போவும்?"

"பொய் சொல்லித்தான் இந்தப் பள்ளிக்கூடம் நிக்கணும்னா, காலையில மொத பீரியட்ல நான் அதுங்களுக்கு இன்னாத்த சொல்லிக்குடுக்கறது?"

தேவசகாயம் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். செங்கம்மாள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

விடியற்காலையிலேயே மகாபலிபுரம் போன மோசஸ், பஸ்ஸில் வந்திறங்கிய போதகர் ஆபிரகாமை ஒற்றைமாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு பத்து மணிக்கு வந்து சேர்ந்தான். போதகர்தான் இந்தப் பதினோரு பள்ளிகளுக்கும் மானேஜர். கெட்ட மனிதர் இல்லை. மழையோ வெயிலோ, குப்பம் குப்பமாக நடந்து போகிறவர். காய்ச்சல்காரன் குடிசையில் இரவெல்லாம் விழித்திருந்தவர். நல்லது செய்கிறோம் என்று நம்புகிற மனிதரை மறிப்பதுதான் கஷ்டம், கெட்டவனை மறித்துவிடலாம்.

பந்தலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த மோசஸைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள் செங்கம்மாள். தாளை நீட்டினாள்.

"ஆபீஸ்ல இந்தப் பட்டியல எழுதி அச்சுக்குக் குடுத்தது யாரு?"

மோசஸ் தாளைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

"நான்தான்."

"நீங்களா?"

"ரிசல்ட்டு வந்துச்சு. போன வருஷத்து ஃபைலப் பாத்து அதே மாதிரி எழுதினேன். முதல்ல வந்தது யாரு, ஞானஸ்நானம் ஆச்சா, ஆவலியா, அவ்ளோதான். அப்ப ஒண்ணியும் தோணல செங்கா."

"சைதூன்னு எழுதறப்பகூடவா கை நிக்கல? நம்ம வூட்டு வாசல்ல உங்க சைக்கிள ஏறி ஓட்டி முட்டிய ஒடச்சிகினாளே, அவதான?"

"தப்புதான். அடுத்த மாசத் தாள்ல திருத்தம் போட்டுடறேன்."

"பொண்ணு நின்னுபோன அப்பால திருத்தம் யாருக்கு? இன்னிக்கே போதகர் ஐயருகிட்ட சொல்லுங்க. எழுதினது நான், தப்பு என்னுதுன்னு."

மோசஸ் தோரணக் கயிற்றை விரலில் சுற்றினான். "உபதேசியார் வேலைக்கு என் பேர எழுதி அனுப்பிகீறாரு. இந்த வாரம் மேலருந்து பதில் வரும். ஒரு வாரம் பொறுத்துக்க."

இந்த இடத்தில் செங்கம்மாளுக்கு அழுகை வந்திருந்தால் கதை சுலபமாகப் போயிருக்கும். அவளுக்கு வந்தது ஆத்திரம்.

"எங்கப்பன் எல்லப்பன் கால் புண்ணுக்கு மிஷன் ஆஸ்பத்திரியில மருந்து வாங்கப் போனாரு. மருந்து குடுத்தவரு அப்படியே பேரப் பட்டியல்ல எழுதிகினாரு. எங்கப்பன் மறுநாளே நொண்டிகினு போயி, 'சாமி, நான் புண்ணுக்கு வந்தேன், ஞானஸ்நானத்துக்கு வரல, பேர அடி'ன்னாரு. பண்ணையில ஏர் ஓட்டற ஆளு. ஆறு வருஷம் கழிச்சி அவரே போயி அவரே பேரக் குடுத்தாரு. அன்னிக்கு மருந்து குடுத்தவரு பேர அடிக்காம வுட்டிருந்தா இன்னிக்கு நான் கிறிஸ்தவளா இருப்பனான்னு எனக்குத் தெரியாது. புரியுதா உங்களுக்கு?"

மோசஸுக்குப் புரிந்தது. புரிந்ததற்கும் வாயைத் திறப்பதற்கும் நடுவே அந்த உபதேசியார் வேலை குறுக்கே நின்றது.

அவனை அங்கேயே விட்டுவிட்டு அவள் நேரே போதகரிடம் போனாள். அவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துச் சிரித்தார்.

"அம்மா, தொண்ணூற்றாறு மார்க் சும்மா வராது. அது அழைப்பு."

"அது படிப்புங்க ஐயா."

"உங்களுக்குத் தெரியாமலே அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் ஒரு வேலை நடந்திருக்கிறது. அதைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட வேண்டாமா?"

"உள்ளத்துல இன்னா நடக்குதுன்னு அவளக் கேட்டீங்களா?"

போதகர் இளநீர்க் காயைக் கீழே வைத்தார். "நிகழ்ச்சி ஆரம்பிக்க நேரமாகிறது" என்றார்.

மூன்று மணிக்குப் பந்தல் நிறைந்துவிட்டது. குப்பத்து ஜனம், சேரி ஜனம், துறையிலிருந்து படகுக்காரர்கள். முன்வரிசையில் சலவைச் சட்டையும் தொப்பியுமாக நூர்முகமது. மகள் பரிசு வாங்குகிற நாள் என்று பிள்ளைகளுக்குக் கொடுக்க இரண்டு தார் வாழைப்பழம் படகில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். யாரைப் பார்த்தாலும், "பதினோரு பள்ளிக்கூடம், பதினோரு பள்ளிக்கூடம்" என்றார். தெரியாதவன் எவனாவது இருந்தால் சொல்லிவிட வேண்டும் என்று தவித்தார் மனிதர்.

சைதூன் மேடையேறினாள். இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். போதகர் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸைக் கையில் கொடுத்தார். கைதட்டலில் நூர்முகமதுவின் கைதான் கடைசியில் ஓய்ந்தது. செங்கம்மாள் பிள்ளைகளின் வரிசை ஓரத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஐந்து நிமிஷத்தில் அந்தச் சிரிப்பு போய்விடும்.

போதகர் தாளைப் பிரித்தார். "இப்போது ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாயிருப்போரின் பெயர்களைச் சபை முன்னிலையில் வாசிக்கிறேன்."

முதல் பெயர் வேறொரு ஊர். இரண்டாவது பெயரும் வேறு ஊர்.

"ஐயா, நிறுத்துங்க."

குரல் எங்கிருந்து வந்தது என்று ஜனம் திரும்பிப் பார்த்தது. செங்கம்மாள் பிள்ளைகளின் வரிசையை விட்டு நடுப்பந்தலுக்கு வந்திருந்தாள்.

"செங்கம்மா!" என்றார் தேவசகாயம் மேடையிலிருந்து.

அவள் மாமனாரைப் பார்க்கவில்லை. போதகரையும் பார்க்கவில்லை. நூர்முகமதுவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"பாய், அடுத்த பேரு உங்க பொண்ணு பேரு. அவ ஞானஸ்நானத்துக்குத் தயாரா கீறான்னு அச்சடிச்சிகீறாங்க. அது பொய். அவ சொல்லல, நீங்க சொல்லல, நானும் சொல்லல. வேதபாடத்துல மார்க்கு வாங்கினா பட்டியல்ல போடறது இங்க ஒரு வழக்கம். கெட்ட வழக்கம். பாடம் பாடமாத்தான் இருக்கும், அதுக்கு நான் ஜவாப்புன்னு உங்ககிட்ட சொன்னேன். நான் வகுப்புல சொன்னது பாடம்தான். அதுக்கு மேல எழுதினதுக்கு நான் உடந்த இல்ல. உங்க காதுக்கு வேற வாயால வர்றதுக்கு முன்னால நானே சொல்லிட்டேன்."

 வாழைத்தார் பக்கம் போன கைகள்கூட நின்றுவிட்டன.

போதகரின் முகம் சிவந்தது. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "உட்காருங்கள், அம்மா. சபை முன்னால் இப்படிப் பேசுகிறவர் வேதபாடம் எடுக்கத் தகுதியில்லாதவர். திங்கட்கிழமையிலிருந்து அந்த வகுப்பு உங்களுக்கு இல்லை."

 ஏழு வருஷமாக அவள் காலையில் எழுவதே அந்த முதல் பீரியடுக்காகத்தான். ஆனாலும் அவள் உட்காரவில்லை.

நூர்முகமது எழுந்தார். கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் மகளைக் கூப்பிட்டார்.

"சைதூனு, இங்க வா. நீ அப்படி எதுனா சொன்னியா?"

"இல்லத்தா" என்றாள் சைதூன். ஜியாமெட்ரி பாக்ஸை மார்போடு அணைத்திருந்தாள். "கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதினேன். இத என்ன யாருமே கேக்கலியே."

பத்து வயசுப் பெண் சொன்ன பதில். அதற்கு மேல் மார்க்குப் போட அந்தப் பந்தலில் ஆளில்லை.

நூர்முகமது மேடையைப் பார்த்துத் திரும்பினார். "ஐயரே, பொண்ணக் கையப் புடிச்சி இழுத்துகினு போயிடணும்னுதான் மனசு துடிக்குது. இந்த ஊர்ல யாரும் என்னத் தப்பு சொல்ல மாட்டான். ஆனா இந்த டீச்சரம்மா எனக்குக் குடுத்த வார்த்தைய, உங்க அத்தினி பேரு முன்னாலயும் நின்னு காப்பாத்திட்டாங்க. திங்கக்கிழம மொத பீரியட்ல இவங்க நின்னா என் பொண்ணு வந்து உக்காருவா. வேற யாருனா நின்னா, அவ படிப்பு இன்னியோட சரி. அந்தப் பாவம் என்னுது இல்ல."

மகளின் தோளில் கைவைத்து நடந்தவர், பந்தல் கம்பத்தருகே ஒரு நிமிஷம் நின்றார்.

"பழத்தப் பிள்ளைங்களுக்குக் குடுத்துடுங்க. அதுங்க இன்னா பண்ணுச்சு?"

ஜனம் கலைய ஐந்து மணியாயிற்று. கலைந்தவர்கள் வாயில் எல்லாம் இதே பேச்சு. பாதிப்பேர் செங்கம்மாளைத் திட்டினார்கள், மீதிப்பேர் மெச்சினார்கள். திட்டினவர்களும் மெச்சினவர்களும் பழத்தை மட்டும் விடவில்லை.

பள்ளிக்கூடத்து வாசற்கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒரு கரும்பலகை. அதில்தான் தேவசகாயம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுத்த வாரத்து டைம்டேபிளை எழுதுவார். போதகர் பையை எடுத்துக்கொண்டு அங்கே வந்து நின்றார்.

"திங்கட்கிழமை முதல் பீரியட், வேதபாடம். உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், ஐயா" என்றார் தேவசகாயத்திடம்.

தேவசகாயம் சாக்கட்டியை எடுத்தார். செங்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பலகையில் சாக்கட்டி கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் பெயரை எழுத இவ்வளவு நேரம் ஆகாதே என்று திரும்பிப் பார்த்தாள்.

'திங்கள். முதல் பீரியட். வேதபாடம். செங்கம்மாள்.'

"என்ன இது?" என்றார் போதகர்.

"டைம்டேபிள் போடறது தலைமை ஆசிரியர் வேலைங்க" என்றார் தேவசகாயம். கண்ணாடியைக் கழற்றவில்லை. "இருவத்தஞ்சு வருஷமா எத்தினியோ பிள்ளைங்க பேர அந்தப் பட்டியலுக்குப் போவ வுட்டுகீறேன். ஒரு பிள்ளையக்கூட உனக்கு இஷ்டமான்னு கேட்டது இல்ல. கேட்டா இன்னா சொல்லும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சிது. பள்ளிக்கூடத்த மூடறதா இருந்தா மூடுங்க. மூடற வரைக்கும் அந்த வகுப்பு இவளுதுதான்."

செங்கம்மாளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. இந்த வீட்டுக்கு வந்த ஏழு வருஷத்தில் மாமனார் யாரையும் எதிர்த்துப் பேசி அவள் கேட்டதில்லை.

போதகர் பக்கத்தில் நின்ற மோசஸிடம் திரும்பினார்.

"மோசஸ், அதை அழி."

பலகைக்குக் கீழே ஆணியில் டஸ்டர் தொங்கியது. மோசஸ் அதை எடுத்தான். பலகையருகே போனான். மனைவியின் பெயருக்கு நேரே கை உயர்ந்தது.  செங்கம்மாள் காலையிலேயே அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். இனிமேல் அவன் பாடு.

"ஐயா" என்றான் மோசஸ், திரும்பாமலே. "அந்தப் பட்டியல எழுதினது நான். சைதூன் பேர எழுதினதும் நான்தான். அத அழிக்கச் சொல்லுங்க, ராவோட ராவா செங்கல்பட்டுக்கு நடந்து போயி அழிச்சிட்டு வர்றேன். இத அழிக்க மாட்டேன்."

டஸ்டரை ஆணியில் மாட்டினான். மாட்டின கையோடு உபதேசியார் வேலையையும் அங்கேயே மாட்டிவிட்டு வந்தது போலத்தான் அவன் முகம் இருந்தது.

போதகர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே குடும்பம் ஒரே நாளில் இப்படித் திரண்டு நிற்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வண்டிக்காரன் மாட்டைப் பூட்டிக்கொண்டு நின்றான்.

"நல்லது" என்றார். "திங்கட்கிழமை நானே நேரில் வருகிறேன். பள்ளி இன்ஸ்பெக்டரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். முதல் பீரியட் யாருடையது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்."

"வாங்க ஐயா" என்றாள் செங்கம்மாள். "ஒம்பதரைக்கு மணி அடிப்போம். மணி அடிச்ச அப்பால வர்றவங்க யாரா இருந்தாலும் வெளியதான் நிக்கணும்."